அமுதசுரபியும் கணக்கேடும்

மணிமேகலையைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அமுதசுரபியைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். அப்பாத்திரம் கிடைப்பதற்கு முன் ஆபுத்திரன் கையில் இருந்தது வெறும் ஓடு. மதுரை மாநகரில் மனைதோறும் சென்று இரந்து, சிந்தாதேவியின் கோயிலையடுத்த அம்பலத்திற்குத் திரும்பி, கண்ணொளி இழந்தவர், காது கேளாதவர், காலிழந்து முடங்கியவர், ஆதரிக்க ஆளற்றவர், நோயுற்றுத் தளர்ந்தவர் ஆகிய எல்லாரையும் கூவியழைத்து அவன் உண்பித்தான். மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான் என்று சாத்தனார் கூறுகிறார்.

இப்பட்டியலை ஊன்றி நோக்கின் ஒன்று புலப்படும். வறியவர் என்ற பொதுப்பெயரால் இதில் எவரும் குறிக்கப்படவில்லை. அவர்களை அம்பலத்திற்குக் கொணர்ந்தது பசி; பசிக்குக் காரணமோ உடற்குறையும் துணையின்மையும். நோயை இவ்வளவு கூர்ந்து கண்ட புலவர் அதற்குத் தரும் மருந்து சோறு ஒன்றே. கால் முடங்கியவரை அம்பலத்திற்குத் தூக்கி வந்தவர் யார், நள்ளிரவில் அவரைப் புறத்தே கொண்டு சென்றவர் யார் என்று காப்பியம் சொல்லவில்லை. சமயக் காப்பியத்திடம் அதைக் கேட்பது முறையன்று என்பார் சொல்வது சரியே. ஆயினும் அந்த மௌனம் தமிழரின் அறச்சிந்தனையில் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் செய்யும் தொண்டு என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அன்னதானம். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் முதியோர் இல்லங்களின் வாசலில் அரிசி மூட்டைகள் குவிவதையும், திருநாள் கழிந்த பின் அவ்வழியே எவரும் எட்டிப் பாராததையும் கண்டோர்க்கு இது புதிய செய்தியன்று.

அமுதசுரபிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கொடுப்போனைச் சார்ந்தது. இந்திரன் மழை பொழிவித்துப் பாண்டி நாடு செழித்ததும் ஆபுத்திரனை நாடுவார் இல்லை. பஞ்சம் வாட்டிய சாவகத்தை நோக்கி, அதாவது இந்தக் கிழக்குக் கடல்களை நோக்கி, அவன் கப்பலேறினான். மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உயிர் துறந்தான். கருணைக்குப் பாத்திரமானோரின் வாழ்வு கருணையாளனின் பயண வழியோடு பிணைந்து கிடந்தது என்பதே இதன் பொருள்.

தமிழரிடம் இதற்கு மாறான மரபு ஒன்றும் இருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு அதற்குச் சான்று. அவ்வூர்க் கோயிலைச் சார்ந்த ஆதுலசாலைக்குப் பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர். இவர்கள் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு இத்தனை நெல் என்று அளவு குறிக்கப்பட்டுள்ளது. கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கூட எழுதப்பட்டுள்ளது. இக்கல்வெட்டில் அற்புதம் ஒன்றும் இல்லை, இருப்பது கணக்கு. பேணுதல் என்பது ஒரு வேலை, அதைச் செய்பவர்க்குக் கூலி உண்டு, அக்கூலிக்கு நிலையான வருவாய் வேண்டும் என்ற மூன்றும் அக்கல்லில் அடங்கியுள்ளன. அந்த ஆதுலசாலை கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்கும் உரியதே. வயலில் உழைத்தவர்க்கு அங்கே படுக்கை இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வரம்பையும் மறைத்தல் ஆகாது.

மலாயாவுக்கு ஆள் கட்டி அனுப்பிய காலத்தில், அம்மரபை அறியாத ஆங்கில அதிகாரிகள் கையால் அதன் சாயல் ஒன்று இங்கே தோன்றியது. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழர் குடிநுழைவு நிதி என்ற ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் அவர்கள் உழைத்த நாட்கணக்குக்கு ஏற்ப அதற்கு வரி செலுத்த வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆளேற்றும் கப்பற்செலவும் கங்காணியின் தரகும் அதிலிருந்தே கொடுக்கப்பட்டன. அந்நிதி முதலாளிகளின் வசதிக்காகவே பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் தளர்ந்தவரையும் ஊனமுற்றவரையும் தாயகம் திருப்பி அனுப்பும் செலவும், அநாதைகளையும் தள்ளாதவரையும் இல்லங்களில் வைத்துக் காக்கும் செலவும் அதன்மேல் சுமத்தப்பட்டன.

இதன் நன்மை தீமை இரண்டையும் பிரித்துணர்தல் வேண்டும். தீமை வெளிப்படை. தள்ளாமைக்கு அந்நிதி கண்ட முதன்மையான மருந்து திரும்பும் கப்பற்சீட்டு. முப்பது ஆண்டு இம்மண்ணில் உழைத்துத் தேய்ந்த உடலைப் பேணும் பொறுப்பை, அவனை ஒருவேளை மறந்தே போயிருக்கக்கூடிய தஞ்சைச் சிற்றூர் ஒன்றின்மேல் ஏற்றும் ஏற்பாடு அது. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது உடல் வலுவுடையோர்கூட ஆயிரக்கணக்கில் அவ்வழியே அனுப்பப்பட்டனர். நன்மையோ எளிதில் கண்ணுக்குப் படாதது. உழைத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு பங்கு, உழைக்க இயலாத நாளுக்காக, உழைப்பை வாங்கியவனிடமிருந்தே பெறப்பட்டது. அதைத் தருமம் என்று எவரும் அழைக்கவில்லை. கணக்கேட்டில் அது வரி. ஜெர்மனியும் ஜப்பானும் பின்னாளில் நெடுங்காலப் பராமரிப்புக்கு வகுத்த திட்டங்களின் வித்து அந்நிதியில் இருந்தது எனல் மிகையாகாது.

1938 இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பயணத் தொழிலாளர் செல்வதைத் தடுத்தது. ஆளேற்றும் வேலை ஒழிந்தபின் நிதி நலப்பணிக்கு உரியதாயிற்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1958 இல், தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் புதிய சட்டத்தின்கீழ் அமைந்தது. 1999 இல் அதுவும் கலைக்கப்பட்டது. காலங்கடந்த அமைப்பைக் கலைத்தல் தவறன்று. அது செய்து வந்த பணிகளுள் தள்ளாதோர்க்கு உரியதை இனி எந்த வருவாயிலிருந்து யார் செய்வது என்ற வினாவையும் உடன் கலைத்துவிட்டதே தவறு.

அவ்வினா மற்றெங்கும் விட உரத்து ஒலிக்கும் இடங்களுள் கேமரன் மலை ஒன்று. 1929 இல் போ தோட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து அங்குத் தேயிலை பயிராகிறது. தாழ்நிலத்து இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது தமிழ்க் குடும்பங்கள் சிதறின. மலைமேலோ லயங்கள் நிலைத்தன. மூன்றாம், நான்காம் தலைமுறையும் ஒரே தோட்டத்து முகவரியில் பிறந்தது. இந்நிலைபேறே முதுமையில் கண்ணியாகிறது. வீடு தோட்டத்துக்கு உரியது. வேலை செய்பவர்க்கே அது உரிமை. ஓய்வு பெற்ற தாய் அவ்வீட்டில் இருப்பது, மகனோ மகளோ மருமகளோ அத்தோட்டத்திலேயே வேலை பார்க்கும் வரைதான். பிள்ளை ஈப்போவுக்கோ சிங்கப்பூருக்கோ போனால் நல்ல சம்பளம் உண்டு. தாய்க்குக் கூரை இல்லை. பிள்ளை தங்கினால் கூரை உண்டு. பகலில் தாயைப் பார்க்க ஆள் இல்லை, ஏனெனில் தங்கியவர் பெரட்டுக்குப் போயாக வேண்டும். தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலிருந்து நடக்கிறது. பேச்சின் நீளத்துக்கு வீடுகள் எழும்பவில்லை.

மலையின் அமைப்பும் இரக்கமற்றது. ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்துக் குளிரும் சாரலும், சரிவில் கூடை சுமந்து தேய்ந்த முழங்காலை எழவிடாமல் செய்கின்றன. அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. வளைந்திறங்கும் தோட்டச் சாலையில் வண்டி அமர்த்திச் செல்வதற்கே ஒருநாட் கூலி கரையும். பக்கவாதம் வந்தவர்க்கு உடற்பயிற்சி சிகிச்சை வாரந்தோறும் வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தருவது எளிது. எழுதிய தாள் மாடத்தில் விளக்கருகே செருகப்பட்டு அங்கேயே பழுக்கிறது. அவ்வீட்டில் பகற்பொழுதுக்குக் காவல் பெரும்பாலும் ஒரு சிறுமி. பாட்டிக்குக் கஞ்சி கொடுக்கவும் பிடித்து நடத்தவும் அவள் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளிக்கு வாராள். வருகைப் பதிவேடு அதைச் சுகமின்மை என்று குறித்துக்கொள்ளும். சுகமில்லாதவர் யார் என்பதை அது கேட்பதில்லை. நாட்டின் முதியோர் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை இவ்வாறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செலுத்தி வருகின்றனர்.

சட்டம் தோட்டத்தை எட்டவே முடியாது என்பதில்லை. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பத்து என்ற எண்ணிலிருந்து பிறந்தவை. 1990 ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப்பேர் இருக்குமிடத்தில் ஆயாக்கொட்டகை கட்டுமாறு ஆணையிட இடமளிக்கிறது. தாய் கொழுந்து பறிக்கக் கை ஓய்வாக இருக்க வேண்டும். ஆகவே குழந்தையைப் பார்க்க ஆயாவுக்குக் கூலி கொடு என்பது அதன் நியாயம். அதே தாய்க்குப் படுத்த படுக்கையான மாமியார் இருந்தாலும் கை ஓய்வாக இராது. ஆனால் தோட்டத்தில் எழுபது வயதைக் கடந்தவர் எத்தனை பேர், எழ இயலாதவர் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லும் பிரிவு ஒன்றையும் இச்சட்டங்களில் காண இயலாது. நாளை உழைக்கப் போகிறவனை எண்ணிய சட்டம் நேற்று உழைத்தவளை எண்ணவில்லை.

இனி, உள்ள உதவிகளை நோக்கலாம். சமூகநலத் துறை வழங்கும் முதியோர் உதவித்தொகை 2021 இல் மாதம் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆகவும், 2025 இல் 600 ஆகவும் உயர்ந்தது. படுக்கையாய்க் கிடப்போரைப் பேணும் வீட்டார்க்கும் 2021 இல் 500 ரிங்கிட் என்றாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை வறுமைக்கு உதவியேயன்றித் தள்ளாமைக்கு உரிமையல்ல. குடும்ப வருமானம் வரம்பைக் கடந்தால் கதவு சாத்தப்படும். குறைந்த அளவுக் கூலி 2025 இல் 1,700 ரிங்கிட் ஆன பிறகு, கணவனும் மனைவியும் உழைக்கும் தோட்டக் குடும்பம் தாளில் வறுமையினின்று விடுபடுகிறது. பாட்டியின் முழங்கால் அச்சுற்றறிக்கையைப் படிப்பதில்லை.

துறை நடத்தும் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களின் சேர்க்கை விதி இன்னும் வியப்புக்குரியது. கேமரன் மலைக்கு அருகில் உள்ளது பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில். அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். உற்றார் இருத்தல் ஆகாது. தங்க இடம் இருத்தல் ஆகாது. அத்தோடு தன் காரியத்தைத் தானே கவனித்துக்கொள்ள வல்லவராகவும் இருக்க வேண்டும். இயலாதோர்க்கு எஹ்சான் இல்லங்கள் உண்டு. நாடு முழுமைக்கும் அறியப்பட்டவை கோலகுபுபாருவிலும் டுங்குனிலும் உள்ளவை. இவ்விதிகளை எழுதியவரைக் குறைகூறிப் பயனில்லை. குடும்பம் என்ற ஒன்று எல்லாவற்றையும் தாங்கும், அது முறிந்த இடத்தில் மட்டும் அரசு நுழையும் என்ற எண்ணமே அவர் கையைப் பிடித்து எழுதியிருக்கிறது. முறிவதற்கு முன்னே ஒரு கை கொடுத்தால் முறியாது என்பதை அவ்வெண்ணம் கணக்கில் கொள்வதில்லை.

உள்ளவற்றுள் சிறந்த வித்து பெர்க்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சந்தா செலுத்திய தொழிலாளி உடல் முடங்கினால் ஓய்வூதியம் உண்டு. பிறர் துணையின்றி இயலாதவர்க்கு இடைவிடாக் கவனிப்புப் படியாக மாதம் 500 ரிங்கிட் தனியே உண்டு. பேணுபவரின் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது. குறை என்னவெனில், அறுபது வயதுக்கு முன் முடங்கியவரையே அது அறியும். வேலையை விட்ட ஐந்தாம் ஆண்டில், அவ்வேலையின் தேய்மானத்தாலேயே இடுப்பு ஒடிந்து விழும் மூதாட்டி அதன் கண்ணுக்குத் தெரியமாட்டாள். சேமநிதியைக் காட்டுவார் உண்டு. நாட்கூலியின் சிறு விழுக்காடு ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வருகிறது. அதற்குள் பேத்தியின் கல்விக் கடனும் மகளின் திருமணமும் அதற்காகக் காத்து நிற்கின்றன.

பிற நாடுகளின் அனுபவத்தைச் சுருக்கமாகக் காண்பது நன்று. ஜப்பான் 2000 இல் தொடங்கிய திட்டத்தில் நாற்பது வயதானோர் யாவரும் சந்தா கட்டுகின்றனர். பாதி சந்தா, பாதி வரிப்பணம். உதவி வருமானத்தைப் பார்த்து அன்று, உடலின் தேவையை அளந்து வழங்கப்படுகிறது. ஜெர்மனி 1995 முதல், வீட்டிலேயே பேணும் உறவினர்க்காக ஓய்வூதியச் சந்தாவும் செலுத்துகிறது. அந்த ஒரு விதிக்காகவே அத்திட்டத்தைப் பாராட்டலாம். இங்கிலாந்தோ 2011 இல் டில்நாட் குழு கூறிய செலவு வரம்பை ஏற்பதாகச் சொல்லி, தள்ளிப்போட்டு, மீண்டும் சொல்லி, 2024 இல் கைவிட்டது. அண்டையிலுள்ள சிங்கப்பூர் 2020 இல் கொணர்ந்த காப்புறுதியின்படி, குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பிடம் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்று இயலாதவர்க்குப் பணம் கிடைக்கும். அடுக்குமாடிக்கு ஏற்ற அளவுகோல் அது. லயத்துக்கு அதைக் கொணர்ந்தால் ஏழாவதாகப் படி இறங்குதலையும் சேர்க்க வேண்டும். குளிக்க வல்லவரும் குளியலறையை அடைய வல்லவர் அல்லர்.

பணம் எங்கே என்பார்க்கு விடை தொலைவில் இல்லை. இன்று கேமரன் மலையில் கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும். வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் முதலாளி அரசுக்கு ஆண்டுவரி கட்ட வேண்டும். தோட்டத் துறைக்கு அது 2016 இல் 640 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. ஆள்வாரியாக, முதலாளியிடமிருந்து, தோட்டத்து உழைப்பின்மேல் பெறும் வரி! 1907 ஆம் ஆண்டின் விதி அழியவில்லை. அதன் நோக்கத்தின் ஒரு பாதி மட்டும் உதிர்ந்துவிட்டது. அவ்வரி பொது வருவாயில் கலக்கிறது. அதில் ஒரு பங்கை அத்தோட்டங்களில் தேய்ந்தவரின் பராமரிப்புக்கென ஒதுக்கினால் புதுவரி என்ற கூக்குரலுக்கு இடமில்லை. அப்பங்கு தமிழர்க்கு மட்டும் உரியதாகவும் இருத்தல் ஆகாது. புதிதாய் வந்தோர்க்கு 2019 முதல் பெர்க்கேசோவின் விபத்துக் காப்பும், 2025 அக்டோபர் முதல் இரண்டு விழுக்காடு சேமநிதியும் உண்டு. ஆனால் உடல் ஓய்ந்ததும் அவர்க்குக் கிடைப்பதும் அதே திரும்பும் சீட்டுதான். கப்பலுக்குப் பதில் விமானம் என்பதே வேறுபாடு.

இத்தகைய ஏற்பாடு பிள்ளைகளின் கடமையுணர்வைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் நல்லெண்ணம் உடையவரே. அவர்க்கு ஒன்று கூறலாம். தோட்டத்தில் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுகின்றனர் என்பது பொதுவாக உண்மையன்று. தங்கள் வேலையையும் மகளின் படிப்பையும் விட்டுக்கூடப் பேணுகின்றனர். ஆயாக்கொட்டகை வந்ததால் எந்தத் தாயும் தன் குழந்தையை மறந்துவிடவில்லை. மாலையில் வேலைவிட்டு வரும்போது முன்னிலும் களைப்புக் குறைந்த கையால் தூக்கிக்கொண்டாள்.

முதலாளிகளின் தடையுரையில் சிறிது நியாயம் உண்டு. தேயிலை விலை அவர் கையில் முழுதும் இல்லை. ஓய்வு பெற்றோர்க்கு வீட்டைக் கொடுத்தால் புதுத் தொழிலாளியை எங்கே குடியமர்த்துவது என்பது மெய்யான இடர். ஆகவே வீடு என்னும் சுமையைத் தோட்டத்தின்மேல் மட்டும் வைக்காமல், ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் மாநில அரசு மனை ஒதுக்குதல் வேண்டும். பகற்பொழுதுப் பராமரிப்போ தோட்டத்துக்குள்ளேயே நடைபெற வேண்டியது. மலையிறங்கிப் போய்ப் பெறும் உதவி, இறங்க இயலாதவர்க்கு உதவியன்று. அதற்குப் புதுக் கட்டடமும் வேண்டுவதில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்ட தோட்டங்களில் பழைய ஆயாக்கொட்டகை இருக்கிறது. லயத்தருகே சமதரையில், தண்ணீர்க் குழாயோடு, வெயில் விழும் திண்ணையோடு கட்டப்பட்டது அது. சுவரில் கைப்பிடிக் குழாயும், வாசலில் படிக்குப் பதில் சரிவும், குளிர்காயக் கணப்பும் வேண்டும். பயிற்சி பெற்ற பெண்கள் இருவர்க்குத் திங்கட்சம்பளம் வேண்டும். திருமுக்கூடலிலும் பேணுபெண்டிர் இருவரே.